தேங்காய் எண்ணெயும் அசையாத கோடும்

குன்றத்தூர்க் குன்றின்மேல் நின்று, கீழே பரந்து கிடக்கும் ஏரியையும், வயலாயிருந்து வீடுகளாகிவிட்ட மனைகளையும் ஒரே நோக்கில் காத்தருளும் வேலவன் திருவடிகளை வணங்கி, நாணத்தால் பலர் வாயில் வராத ஒன்றை எழுதத் துணிகின்றேன். சொல் பிழைபடாது காக்க. சொல்பவள் நெஞ்சு சுருங்காது காக்க. இன்று ஆவணி மாதத்து வளர்பிறைச் சஷ்டி, வெள்ளிக்கிழமை. காலையில் நீராடி, விளக்கேற்றி, திருநீறணிந்து அமர்ந்திருக்கிறேன்.

நான் முடிச்சூரில் வாழ்பவள். எங்கள் குடும்பத்து நிலத்தில் இப்போது அடுக்ககம் நிற்கிறது. அதன் முதல் தளத்தில் மகன், மருமகள், பேரன் ஆகியோருடன் இருக்கிறேன். தாம்பரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமாகிவிட்டார். குன்றத்தூர் மலைமேல் மண்டபத்தில் கிருத்திகைதோறும் பாராயணம் செய்யும் பெண்கள் குழு ஒன்று உண்டு. அதற்கு முதற்குரல் நான். நான் ஓரடி பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவர்.

சென்ற தை மாதத்துக் கிருத்திகையன்று, பதிகத்தின் உச்ச அடியை நீட்டிப் பிடித்தபோது, உள்ளாடை நனைந்தது. முன்பும் தும்மலிலும் இருமலிலும் சில துளிகள் கசிந்ததுண்டு. அன்று துளியளவில் நிற்கவில்லை. புடவை அடர்ந்த அரக்கு நிறம், யாருக்கும் தெரிந்திராது. அடியை முடித்தேன். அடுத்த அடியையும் முடித்தேன். சந்நிதிக்குள் போகாமல், தலைவலி என்று சொல்லி இறங்கிவிட்டேன். சிறுநீர் நனைத்த உடையோடு திருமுன் நிற்கலாகாது என்பது என் நியமம். அதை யாரும் எனக்கு விதித்ததில்லை.

அப்போது வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படியிறங்கும்போது, ஆட்டோவில் எந்தப் பக்கம் சாய்ந்து அமர்ந்தால் இருக்கை நனையாது என்று மட்டும் எண்ணினேன். சில ஆண்டுகளாகவே எனக்கு எதுவும் வருவதில்லை. கணவரைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, அண்டை வீட்டார் கொண்டுவந்த காபி எல்லோருக்கும் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உருகிப் பாடுகிறேன் என்று பிறர் சொல்வர். உருக வேண்டிய இடத்தில் குரலை எப்படிக் குழைக்க வேண்டும் என்பதை நான் அறிவேன், அவ்வளவுதான்.

அதன்பின் மலைக்குப் போகவில்லை. மாசியில் போகவில்லை, பங்குனி உத்திரத்துக்கும் போகவில்லை. வெளியே போகும் நாள்களில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். அதனால் எரிச்சல் கூடியது. உறவினர் வீட்டுத் திருமணங்களில் குவளையைத் தொடாமல் வைத்தால், விரதம் என்று தாமாகவே எண்ணிக்கொண்டு என்னை வணங்கினார்கள். நான் மறுக்கவில்லை. எந்தக் கோயிலில் கழிப்பறை எந்த மூலையில் உள்ளது என்பதே நாளடைவில் எனக்குத் தலபுராணமாயிற்று.

பாராயணக் குழுவில் என் அருகில் அமர்பவள் அனகாபுத்தூர்க்காரி. தறிக்காரர் வீட்டுப் பெண். இப்போது வீட்டு வாசலில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். சித்திரையில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள்.

"இன்னாக்கா, மலைய மறந்துட்டியா? போன கிருத்திகைக்கு நீ வரலன்னு, ஒருத்தி போன்ல இருந்து பாட்ட ஸ்பீக்கர்ல போட்டா. அது மூச்சே வுடாம போய்க்கினே கீதுக்கா. நாங்க பின்னாடியே ஓடறோம். பஸ்ஸ வுட்ட மாதிரி."

"ஆடிக் கிருத்திகைக்கு வந்துவிடுகிறேன்" என்றேன்.

"வந்துருவியா? இல்லாங்காட்டி ஸ்பீக்கரையே வச்சுக்கலாம்னு பேசிக்கினு கீறாளுங்க. சொல்லிட்டேன்."

எனக்கு வருத்தம் உண்டாகவில்லை. ஆனால் தொலைபேசியை வைத்த பிறகும் அந்த இடத்தைவிட்டு நகராமல் நெடுநேரம் நின்றிருந்தேன். எனக்கு எஞ்சியிருந்தது அந்த முதற்குரல் ஒன்றே. உணர்வற்றுப் பாடினாலும் பாடுபவள் நான். அந்த இடத்தில் ஒரு கருவி அமர்ந்துவிட்டால், நான் அமர வேறிடம் இல்லை.

மருமகள் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். விடிவதற்கு முன்பே நான் என் துணிகளைத் தனியே துவைத்துக் காயப்போடுவதை அவள் சில நாள்களாகக் கவனித்திருக்கிறாள். ஒரு ஞாயிறன்று, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தலை நிமிராமலே சொன்னாள்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. யூரின் லீக் ஆகுதா?"

நான் கீரையைப் பார்த்தேன்.

"எனக்கும் பிள்ள பொறந்தப்புறம் ஆச்சு. குனிஞ்சு அவனைத் தூக்கினாலே போதும். நான் ஒரு பிசியோகிட்ட போனேன், கிழக்குத் தாம்பரத்துல. உங்க பையன்கிட்ட எனக்கு முதுகு வலின்னு சொல்லிட்டுப் போனேன்."

"உனக்குச் சரியாயிற்றா?"

"ஆச்சு. பாத்தீங்கள்ல, ஸ்கிப்பிங்லாம் ஆடறேன்."

மாடியில் அவள் கயிறு தாண்டுவதைக் கண்டு, இந்த வயதில் இது எதற்கு என்று நான் மனத்துள் பலமுறை கடிந்ததுண்டு.

முதலில் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். கிருமித் தொற்று இல்லை என்றார். கருப்பை சற்றே இறங்கியிருக்கிறது, அறுவை வேண்டாம், பயிற்சி போதும் என்றார். அங்கிருந்து சுரங்கப்பாதை கடந்து அந்த இயன்முறை மருத்துவரிடம் சென்றோம். கீழே பொதுத்தேர்வுக்கான பயிற்சி நிலையம். மேலே அவர் அறை. சன்னல் வழியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. அவர் என் மருமகளைவிடச் சற்று மூத்த பெண்மணி.

"எந்த இடத்துல கனமா இருக்குன்னு சொல்லுங்கம்மா."

"கீழே."

"கீழேன்னா? யூரின் போற இடமா, வஜைனாவா, பின்னாடியா?"

நாற்பதாண்டு தமிழ் கற்பித்தவளுக்கு அந்த இடத்துக்கு ஒரு சொல் வரவில்லை. அவர் காத்திருந்தார். அப்போதுதான் நாங்கள் பாடும் கவசம் நினைவுக்கு வந்தது. தலை முதல் கால்விரல் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, காக்க என்று வேண்டும் பாடல் அது. எந்த உறுப்பையும் அது விடுவதில்லை. கருவறைக்கு எதிரே, ஒலிபெருக்கியில், ஆண்களும் பிள்ளைகளும் கேட்க, அந்த உறுப்பையும் சொல்லித்தான் பாடுகிறோம். அந்த அடி வரும்போது மட்டும் எங்கள் குழு சற்று விரைந்து கடக்கும். விரைவைத் தொடங்கி வைப்பவள் நானே. நான் மனத்துள் கழுத்திலிருந்து தொடங்கினேன். மார்பு, வயிறு, இடை என்று இறங்கி, அந்த இடத்துக்கு வந்து, வாய்விட்டுச் சொன்னேன்.

"குறியில்" என்றேன்.

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். வேறொன்றும் நிகழவில்லை.

திரைக்குப் பின் கட்டிலில் படுக்கவைத்து, கையுறை அணிந்து பரிசோதித்தார். சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கச் சொன்னார். இறுக்கினேன்.

"மூச்ச விடுங்கம்மா. மூச்சப் பிடிச்சுக்கிட்டு நீங்க கீழ தள்றீங்க. நான் கேக்கறது உள்ள, மேல இழுக்கறது."

"எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன."

"இறுக்கும்போது அங்க ஏதாவது தெரியுதா?"

"இல்லை."

"கொஞ்சமாவது?"

"ஒன்றும் இல்லை, அம்மா."

"பரவால்ல. நிறைய பேருக்குத் தெரியாது. நீங்க பாடுவீங்களா?"

எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டேன். "மூச்ச அவ்ளோ நேரம் பிடிக்கறீங்களே" என்றார். நீண்ட அடிகளைத் தாங்குவதற்காக வயிற்றை இறுக்கிக் கீழ்நோக்கி முட்டுக்கொடுத்தே நான் இத்தனை ஆண்டும் பாடியிருக்கிறேன். பிள்ளைப்பேறும் முதுமையும் தளர்த்திய இடத்தின்மேல் அந்த அழுத்தமும் நாள்தோறும் சேர்ந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். கேட்டுக்கொண்டேன். கீழே பிள்ளைகள் பதினேழாம் வாய்ப்பாட்டுக்கு வந்திருந்தார்கள்.

தெரியாதவர்களுக்குத் தெரிவிக்கவே ஒரு கருவி இருப்பதாகச் சொன்னார். விரல் நீளம், வெண்மை, வழுவழுப்பானது. இரு பக்கமும் மெல்லிய உலோகத் தகடு. அதிலிருந்து ஒரு கம்பி, உள்ளங்கையில் அடங்கும் சிறு திரைக்குச் செல்கிறது. கருவியை உள்ளே வைத்துத் தசையை இறுக்கினால், திரையில் கோடு எழும், தளர்த்தினால் தாழும். வயதில் அவ்விடம் உலர்ந்துவிடுவதால், வைக்கும்போது நோகாமல் இருக்க, தண்ணீரில் கரையும் ஜெல்லைப் பூசிக்கொள்ள வேண்டும். பின்னர்க் கழுவித் துடைத்து உலர வைக்க வேண்டும். மருமகள் இரண்டையும் வாங்கி வந்தாள்.

வீட்டில் அதை எங்கே வைப்பது என்பதில் ஒரு நாள் கழிந்தது. அலமாரியில் பாடல் நூல்களும் திருநீற்றுப் பையும் இருந்தன. கடைசியில் ஒரு பழைய எவர்சில்வர் டிபன் டப்பாவில் இட்டு, குளியலறைப் பரணில் வைத்தேன்.

ஜெல்லின் உறையைக் கண்ணாடி அணிந்து படித்தேன். கிளிசரின் என்றிருந்தது.

"இது எதிலிருந்து எடுத்தது?"

மருமகள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போடல அத்தை."

"விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுப்பார்கள்."

"அத்தை, சாப்பிடவா போறீங்க?"

நான் விவாதிக்கவில்லை. அவள் அலுவலகம் சென்றபின், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைச் சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டேன். திருவிளக்குக்கு ஆகும் பொருள் உடம்புக்கு ஆகாமற்போகுமா என்று எண்ணினேன். கருவி எளிதாகவே சென்றது, நோகவில்லை. திரையை முடுக்கினேன். ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் உழைக்கச் சொன்னது. பிறகு ஓயச் சொன்னது. உழைத்தேன். ஓய்ந்தேன். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. மூச்சை விட்டும், பிடித்தும், படுத்தும், சாய்ந்தும் பார்த்தேன். கோடு அசையவில்லை. அந்த இடம் இறந்துவிட்டது என்று கொண்டேன். துயரம் எதுவும் எழவில்லை. நான் முன்பே அறிந்ததைத் திரை எழுதிக் காட்டுகிறது, அவ்வளவே என்று தோன்றியது. ஆயினும் ஒவ்வொரு காலையும் டப்பாவை இறக்கினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேளாத செவி என்று தோன்றும் நாளிலும் பதிகம் சொல்லிப் பழகியவள். நிறுத்தும் பழக்கம் எனக்கில்லை, அதனாலிருக்கலாம். அனகாபுத்தூர்க்காரியை அழைத்து, ஆடிக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம், ஒலிபெருக்கியையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட எண்ணினேன். மருத்துவர் மீண்டும் வரச் சொன்ன நாள் நெருங்கியிருந்ததால், அதன்பின் சொல்லலாம் என்று விட்டேன்.

அவரிடம் திரையைக் காட்டி, "உயிர் இல்லை, அம்மா" என்றேன்.

அவர் கருவியை வாங்கித் தகட்டை விரலால் தேய்த்தார். விரலை முகர்ந்தார்.

"என்னம்மா போட்டீங்க?"

"தேங்காய் எண்ணெய். செக்கில் ஆட்டியது. மிகவும் தூய்மையானது."

"தூய்மையாத்தான் இருக்கும். எண்ணெய் கரண்ட்ட விடாதும்மா. உங்க தசையிலேருந்து வர்ற துளியூண்டு சிக்னல இந்தத் தகடு பிடிக்கணும். நடுவுல நீங்க எண்ணெய்ல சுவர் எழுப்பிட்டீங்க. ஜெல்ல இருக்கற தண்ணிதான் அத கடத்தும். ஜெல் ஏன் போடல?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மருமகள்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மருத்துவர் மேசை இழுப்பறையைத் துழாவி, தாவரத்திலிருந்து எடுத்தது என்று உறையில் அச்சிட்ட வேறொரு ஜெல்லைத் தேடித் தந்தார்.

"இது வெஜிடேரியன். சரியா?"

கருவியைக் கழுவி, அங்கேயே புதிதாக வைத்தார்கள். நான் மூச்சை வெளியே விட்டுக்கொண்டு உள்ளே இழுப்பதாக எண்ணினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கோடு எழுந்தது. பெரிதாக இல்லை; வரப்பு உயரம் என்று சொல்லலாம். தளர்த்தச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கோடு தாழ்ந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மருமகள்.

"பார்த்தேன்."

மகிழ வேண்டும் என்று அறிந்திருந்தேன். வரும் வழியில் ஷேர் ஆட்டோவில், நான் அறியாமல் என்னுள் ஒன்று எழுந்து தாழ்கிறது என்பதை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று முதல் பயிற்சி ஒழுங்காக நடந்தது. காலையில் பேரன் பள்ளிக்குச் சென்றபின் கதவைச் சாத்திக்கொள்வேன். தண்ணீர் வேளைக்கு வேளை குடித்தேன். வைகாசி முழுவதும் கோட்டைப் பார்த்தே இழுத்தேன். ஆனியில், திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இழுத்து, பிறகு நிமிர்த்திப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். பல வேளை தவறியது. சில வேளை பொருந்தியது. பொருந்திய வேளைகளில், மரத்த காலில் இரத்தம் திரும்புமுன் எழும் நமைச்சல்போல ஏதோ தொலைவில் இருந்தது. அதற்குமேல் அதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன்.

பாடுமுன் மேலே இழுத்துக்கொண்டு, கீழே முட்டாமல், மூச்சை விட்டபடியே அடியைப் பாட வேண்டும் என்றும் சொல்லித்தந்தார். என் குரல் குறுகியது. முன்பு ஒரு மூச்சில் பாடியதை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. கேட்பவர்களுக்கு அது குறையாகவே படும்.

ஆடி பிறந்ததும், அனகாபுத்தூர்க்காரி சொல்லாமல் வந்து நின்றாள். டப்பாவை மேலே ஏற்றிவிட்டேன். ஜெல் மட்டும் முகம் கழுவும் தொட்டியின் மேல் இருந்துவிட்டது. கைகழுவப் போனவள் அதைக் கையிலெடுத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"இன்னாக்கா இது? முட்டி வலிக்கா?"

நான் விடை தேடுமுன் புடவையை உயர்த்தி முழங்காலில் பூசித் தேய்த்தாள்.

"சில்லுன்னு கீதுக்கா. நல்லா கீது. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்."

"அது முழங்காலுக்கு அன்று" என்றேன். எதற்கென்று சொன்னேன். தையிலிருந்து நடந்ததையும், எண்ணெய்க் கதையையும் சொன்னேன். தேய்த்த கை நின்றது. முந்தானையால் முழங்காலை மெல்லத் துடைத்தாள்.

"அப்ப எனக்கு ரெண்டு வாங்கு" என்றாள்.

"உனக்குமா?"

"பின்ன? தும்மல் வந்தா நான் காலப் பின்னிக்கினு, கண்ண மூடிக்கினு நிப்பேனே. நீ பாத்ததே இல்லியா?"

பார்த்திருக்கிறேன். பாராயணத்தின் நடுவே அவள் அவ்வாறு கண்மூடி ஒடுங்குவதைப் பக்தியின் உச்சம் என்று எண்ணி, எனக்கு ஏன் அது வாய்ப்பதில்லை என்று பலநாள் நினைத்திருக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் எழுந்து குளியலறைக்கு ஓடினாள். திரும்பி வந்து, "வாய வச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியே நீ" என்றாள். பிறகு, போகும்போது வாசலில் நின்று, "நனைஞ்சா நனையட்டும். நீ வந்து ஒக்காரு. அந்த ஸ்பீக்கர் பேஜாருக்கா" என்றாள்.

ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டம் மலையை நிறைத்திருந்தது. மருமகள் விடுப்பு எடுத்து உடன் வந்தாள். ஈரம் உறிஞ்சும் பேட் ஒன்றை உள்ளே அணிந்திருந்தேன். படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் முன் உள்ளே இழுத்துக்கொண்டேன். இழுபட்டதா என்று எழுதிக்காட்டத் திரை இல்லை. மண்டபத்தில் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூணோரம் திருப்பி வைத்திருந்தார்கள். என் இடம் காலியாக இருந்தது.

கவசத்தைத் தொடங்கினேன். குரல் சிறியதாக இருந்தது. ஒரு மூச்சின் அடிகளை இரண்டாக்கினேன். ஓரிருவர் திரும்பிப் பார்த்தனர். தலை, கண், செவி, கழுத்து, மார்பு, வயிறு என்று இறங்கி அந்த அடிக்கு வந்தோம். பழக்கத்தால் குழு விரைந்தது. நான் விரையவில்லை. மற்ற உறுப்புகளுக்குக் கொடுத்த நேரத்தை அதற்கும் கொடுத்து, அச்சொல்லை முழுதாகச் சொன்னேன். முன்னே ஓடியவர்கள் இடறி நின்று, திரும்பி வந்து, என்னோடு சேர்ந்து அதை மீண்டும் சொன்னார்கள். அருகில் இருந்தவள் மட்டும் தொடக்கத்திலிருந்தே என்னோடு இருந்தாள். அவள் கால்கள் பின்னியிருந்தன.

அதன்பின் வந்த உச்ச அடியில் கசிந்ததா என்பது அப்போது எனக்குத் தெரியாது. பாராயணம் முடிந்தது. தீபாராதனைக்கு எழுந்தபோது ஈரம் புலப்பட்டது. சிறிதளவே, ஆயினும் ஈரம். தலைவலி என்று சொல்லி இறங்கும் படி இடப்பக்கம் இருந்தது. மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் உள்ளே போய்ச் சந்நிதியில் வரிசையில் நின்றேன். தீபம் காட்டினார்கள். கண்ணில் நீர் வரவில்லை, நெஞ்சும் உருகவில்லை. குருக்கள் தந்த திருநீற்றை வாங்கி அணிந்துகொண்டேன். வெளியே வந்து, கையிலிருந்த புட்டியைத் திறந்து தண்ணீரை முழுவதும் குடித்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் டப்பாவை இறக்கினேன்.

இதைப் படிக்கும் அனைவருக்கும், படித்து முகம் திருப்பிக்கொள்வோருக்கும், கால் பின்னி நிற்கும் பெண்களுக்கும், அவர்களைப் பெற்றவருக்கும், அவர்கள் பெற்றவருக்கும், பெயர் சொல்லும் உறுப்பும் பெயர் சொல்லாத உறுப்பும் குறைவின்றிக் காக்கப்படுவதாக. தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, அஞ்சாமல் மலையேறி, நின்ற இடத்தில் நின்று வணங்கி, நலமே திரும்புவீர்களாக.